காற்று செய்த வேலைக்குக் கணக்கு

பிரான்சின் நாந்த் நகரத்து டிராம்களில் டிக்கெட் கொடுத்தவர்கள் எல்லாரும் பெண்கள். கறுப்பு உடுப்பு, பளபளவென்று மெருகேற்றிய கறுப்புத் தொப்பி, தோளில் குறுக்காகத் தொங்கும் தோல்பை. அவர்களுக்குள்ளே லியோகாதியின் குரல் தனி. காலையில் தூலோன் டிப்போவிலிருந்து வண்டி புறப்பட்டு லுவார் ஆற்றங்கரையோடு துறைமுகம் நோக்கிப் போகும்போது, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நின்னா வாடகை கேக்க மாட்டேன்!" என்று அவள் போடும் சத்தத்துக்கு அக்கரையில் தூண்டில் போட்டிருப்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான்.

அந்த டிராமை இழுக்கக் குதிரை கிடையாது. புகைபோக்கியும் கிடையாது. வண்டியின் அடிவயிற்றில் வரிசையாகப் படுத்திருந்த இரும்பு உருளைகளில் டிப்போக்காரர்கள் காற்றை அழுத்தி அடைத்துவிடுவார்கள். அந்தக் காற்று விரியும் வேகத்தில்தான் சக்கரம் ஓடியது. ஓட்டுநர் ரொகாசியன் யானை மாதிரி உடம்பும் வால்ரஸ் மீசையுமாக இருப்பான். பல வருஷமாக அவனும் லியோகாதியும் ஒரே வண்டி.

"உன் குரல ஒரு உருளையில அடைச்சு வெச்சா, டிப்போவுக்குத் திரும்பாமலே ஒரு வாரம் ஓட்டலாம்" என்பான் அவன்.

"ஓட்டு. உன் மீசைய வெச்சுத் தண்டவாளத்தையும் கூட்டிட்டுப் போ" என்பாள் அவள்.

லியோகாதியின் கணவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். நெஞ்சு நோய் வந்து இளம் வயதிலேயே போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. ஓயாமல் ஆட்கள் ஏறி இறங்குகிற அந்த வண்டிதான் அவளுக்கு வீடு மாதிரி இருந்தது.

ஒரு நவம்பர் மாதக் காலையில் படிக்கட்டில் பனி உறைந்திருந்தது. கூடையோடு ஏறிய ஒரு பெண்ணுக்குக் கை கொடுக்கக் கீழே இறங்கிய லியோகாதி வழுக்கி விழுந்தாள். ரொகாசியன் பிரேக்கைப் பிடிப்பதற்குள் வண்டி ஒரு முழம் நகர்ந்துவிட்டது. சக்கரம் அவளுடைய இடது பாதத்தின் முன்பாதியை நசுக்கிவிட்டது.

வண்டி நிறைய அரிசி ஆலைக்குப் போகும் பெண்கள். அவர்களில் ஒருத்தி யோசிக்கவே இல்லை. இடுப்பில் கட்டியிருந்த முன்துணியை உருவி, கணுக்காலுக்கு மேலே இறுக்கி முடிச்சுப் போட்டாள். "என்னைப் பாரு. காலப் பாக்காத, என்னையே பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ரொகாசியன் லியோகாதியைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அந்த முடிச்சு இல்லையென்றால் காலோடு ஆளும் போயிருப்பாள் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

பாதி பாதத்தோடு ஓடும் வண்டியில் நின்று டிக்கெட் கொடுக்க முடியாது. அதை யாரும் அவளிடம் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கே தெரிந்தது. கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி யார் வீட்டிலாவது உருளைக்கிழங்கு உரித்துப் பிழைக்க வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

ஆனால் அன்றைக்கே டிக்கெட்காரப் பெண்கள் அத்தனை பேரும் தொப்பியோடும் பையோடும் டைரக்டர் அறைக்குள் நுழைந்து, இருந்த நாற்காலிகளிலெல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தார்கள்.

"என்ன இது? வண்டி கிளம்புற நேரம்!" என்றார் டைரக்டர்.

"லியோகாதிக்கு உட்கார்ந்து வேலை பாக்க ஒரு நாற்காலி வேணும் முசியே" என்றாள் அவர்களில் மூத்தவள். "உங்க ஆபீஸ் நாற்காலியெல்லாம் எப்படி இருக்குனு உட்கார்ந்து பாக்கறோம். நல்லாத்தான் இருக்கு. அவசரமில்ல."

டைரக்டர் நல்ல மனிதர்தான், கொஞ்சம் பிடிவாதக்காரர். வெளியே ஐந்தாறு வண்டிகள் டிக்கெட்காரி இல்லாமல் நின்றன. கொஞ்ச நேரம் மீசையைக் கடித்தார். "கூட்டல் பெருக்கல் வருமா அவளுக்கு?" என்று கேட்டார்.

"கூட்ட நெரிசல்ல நின்னுகிட்டே போடறவ முசியே. உட்கார்ந்தா வகுத்தலே வரும்."

அப்படித்தான் லியோகாதிக்கு இஞ்சினியர் தொமெலினின் அறையில் ஒரு மேஜை கிடைத்தது. அவள் கைத்தடியோடு முதல்முறை உள்ளே வந்தபோது அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பேசக் கூச்சப்படுகிற ஒல்லி மனிதர். எழுந்துபோய்த் தன் பக்கத்தில் இருந்த கரியடுப்பை அவளுடைய கால் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டார். அன்று முழுவதும் அவர் கோட்டைக் கழற்றவில்லை.

வேலை இதுதான். டிராமின் சக்கரத்தை ஓட்டும் சிலிண்டரில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்துவார்கள். சிலிண்டருக்குள் காற்று தள்ளும் பிஸ்டன் ஒருமுறை போய்வந்தால் கருவியிலிருக்கும் பென்சில் ஒரு அட்டையில் வளைந்த கோடு ஒன்றைப் போட்டுவிடும். பூட்ஸ் மாதிரி ஒரு படம். பிஸ்டன் எவ்வளவு நகர்ந்தது என்பது படத்தின் நீளம். காற்று எவ்வளவு பலமாகத் தள்ளியது என்பது உயரம். அந்தப் படத்துக்குள் அடங்கிய பரப்பைக் கண்டுபிடித்தால், காற்று அந்த ஒரு தள்ளலில் எவ்வளவு வேலை செய்தது என்று தெரிந்துவிடும்.

"ஏன் இவ்வளவு சுத்தணும்? தள்ளின பலத்தை நகர்ந்த தூரத்தால பெருக்கினா போதாதா?" என்று கேட்டாள் லியோகாதி.

"பலம் ஒரே மாதிரி இருந்தா போதும்" என்றார் தொமெலின். "ஆனா இருக்காதே. சிலிண்டருக்குள்ள கொஞ்சம் காத்து விடறோம். கதவ மூடிடறோம். அப்புறம் உள்ள மாட்டின காத்து தானா விரிஞ்சுதான் தள்ளணும். விரிய விரிய அதோட அழுத்தம் இறங்கிட்டே வரும். பாருங்க, கோடு எப்படிச் சரியுதுனு."

லியோகாதி அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் வீட்டுக்காரர் மூட்டை தூக்கற மாதிரி. விடியக்காலையில தூக்கற வேகம் சாயங்காலம் இருக்காது. நாள் முழுக்க எவ்வளவுனு கேட்டா ஒரே பெருக்கல்ல சொல்ல முடியாது. மணிக்கு மணி பாத்துக் கூட்டணும்."

"அதேதான் மதாம். அதேதான் செய்யப் போறோம்."

படத்தைப் பத்துச் சம பட்டைகளாகக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையும் ஒடுக்கமானது. அதற்குள் அழுத்தம் பெரிதாக மாறிவிடாது. பட்டையின் நடுவில் உயரத்தை அளந்து, அந்தச் சின்ன தூரத்தால் பெருக்கி, பத்தையும் கூட்டினால் காற்று செய்த வேலை. முதல் வாரம் அவள் போட்ட விடைகள் எல்லாம் கூடுதலாக வந்தன. தொமெலின் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். குளிர்காற்று முகத்தில் அடித்தது.

"பிஸ்டனுக்கு அந்தப் பக்கம் இவரும் இருக்காரே மதாம். வெளிக்காத்து. அவரும் எதிர்ல நின்னு தள்ளறார். அவரைத் தள்ளி ஜெயிச்சது போக மிச்சம்தான் நமக்கு. அடியிலிருந்து அளக்கக் கூடாது, வெளிக்காத்தோட கோட்டுலேருந்து அளக்கணும்."

அவள் அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் போட்டாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வண்டி ஓடுவதை இவ்வளவு நாள் வெளியிலிருந்து பார்த்தாள். இப்போது உள்ளேயிருந்து பார்ப்பதுபோல இருந்தது.

சூட்டின் விஷயமும் அங்கேதான் புரிந்தது. காற்று விரிந்து வேலை செய்யும்போது தன்னிடமிருக்கும் சூட்டைச் செலவழிக்கிறது. குளிர்ந்தால் தள்ளும் பலம் இன்னும் சீக்கிரம் குறைந்துவிடும். அதனால்தான் ஓட்டுநரின் முன்னால் ஒரு வெந்நீர்க் கொப்பரை நின்றது. உருளையிலிருந்து வரும் காற்று அந்த வெந்நீருக்குள் குமிழியிட்டுப் போய், சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டுதான் சிலிண்டருக்குள் நுழையும். வெந்நீர் சூடாக இருந்தால் படம் வயிறு நிறைந்து வரும். ஆறிப்போனால் வயிறு ஒட்டிவிடும்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு முடிந்து அடுத்த வருஷம் பிறந்தபோது லுவார் ஆறு உறைந்துவிட்டது. கப்பல்கள் நின்ற இடத்திலேயே நின்றன. துறைமுக முனையில் கொப்பரைத் தண்ணீரைத் திரும்பச் சூடாக்கித் தரும் நீராவிக் குழாய் குளிரில் வெடித்தது. புதுக்குழாய் வர நாளாகும் என்றார்கள். டிராம்கள் தூலோனிலிருந்து ஜம்மென்று போயின. திரும்பி வரும்போது கொப்பரை ஆறிப்போய், வெளியேறும் குழாயில் பனிக்கட்டி அடைத்து, நகரத்தைத் தாண்டியதும் பெருமூச்சு விட்டு நின்றன. பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். ஒரு வண்டி நின்றால் பின்னால் வருவது அத்தனையும் நின்றது.

டைரக்டர் உத்தரவு போட்டார்: குழாய் சரியாகும்வரை டிராம் பாதி வழியிலுள்ள ஃபெய்தோ தீவு நிறுத்தத்தோடு திரும்பிவிடும்.

அன்று மாலை ரொகாசியன் ஆபீசுக்குள் வந்து தொப்பியை மேஜைமேல் போட்டான். "அரிசி ஆலைப் பொண்ணுங்க தீவுல இறங்கி நடந்து போகுதுங்க. மரச்செருப்புப் போட்டுகிட்டுப் பனிக்கட்டிமேல. ஒருத்திய ஒருத்தி பிடிச்சுகிட்டுப் போகுதுங்க. வண்டிய வெச்சுகிட்டு நான் பாத்துகிட்டு நிக்கறேன்."

அன்றைக்கு அரிசி ஆலைப் பெண் தன் கணுக்காலில் போட்ட முடிச்சு லியோகாதிக்கு நினைவுக்கு வந்தது. மறுநாள் டைரக்டரிடம் போனாள்.

"நின்னுபோகாதுனு தொமெலின் எழுதிக் கொடுத்தா விடறேன்" என்றார் அவர். "எனக்கும் அந்தப் பொண்ணுங்க நடக்கறது பிடிக்கல மதாம். ஆனா நடுத்தெருவுல வண்டி நின்னா மொத்த ஊரும் நிக்குது."

தொமெலினோ வேலைக்கு வந்து நாளாகியிருந்தது. அந்த வயதில் அவருக்குப் பொன்னுக்குவீங்கி வந்திருந்தது. லியோகாதி அட்டைகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, கைத்தடியை ஊன்றி ஊன்றி அவர் குடியிருந்த வீட்டுக்குப் போனாள். வீட்டுச் சொந்தக்காரி மதாம் பிலார் மாடிப்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள விட மாட்டேன். அவர் மூஞ்சி பூசணிக்காய் மாதிரி இருக்கு. உனக்கும் வரணுமா?"

"கதவுக்கு வெளியவே நின்னு பேசறேன் மதாம்."

"காகிதத்துல ஒட்டிக்கிட்டு வந்துடுமாமே?"

கடைசியில் ஒப்பந்தம் ஒன்று ஆயிற்று. லியோகாதி மாடிப்படியில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். காகிதங்களை மதாம் பிலார் கரியடுப்பு இடுக்கியால் பிடித்துக் கதவிடுக்கு வழியாக உள்ளே கொடுப்பாள், அதே இடுக்கியால் வெளியே வாங்குவாள்.

"முசியே! ரெண்டு அட்டை அனுப்பியிருக்கேன்" என்று லியோகாதி குரல் கொடுத்தாள். "ஒண்ணு தூலோன்லேருந்து கிளம்பினதும் எடுத்தது. இன்னொண்ணு ரொகாசியன் வண்டி நின்னுபோறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. நானே கூடப் போய் எடுத்தேன்."

உள்ளேயிருந்து கன்னத்தில் பஞ்சு வைத்ததுபோல ஒரு குரல் வந்தது. "அந்தக் காலோடயா?"

"கால் வீட்டுல இருக்க மாட்டேங்குது முசியே. அட்டையப் பாருங்க."

உள்ளே அட்டைகள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "பரப்பு எவ்வளவு வித்தியாசம்?"

"ஆறின அட்டை மூணுல ஒரு பங்கு கம்மி. மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன்."

"சரி. அப்போ அதே தூரம் போக ஆறின காத்து எவ்வளவு அதிகமா வேணும்னு பாருங்க. துறைமுகத்துல உருளையில மிச்சம் எவ்வளவு இருந்துச்சு?"

அவள் சொன்னாள். அவர் உள்ளே போட்டார், அவள் படியில் முழங்கால்மேல் அட்டையை வைத்துப் போட்டாள். இடுக்கி போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு இடத்தில் இரண்டு பேருக்கும் விடை வேறாக வந்தது. "நீங்க கடைசிப் பட்டைய விட்டுட்டீங்க" என்றாள் அவள். "நீங்க ஆளுங்க எடைய விட்டுட்டீங்க" என்றார் அவர். இரண்டும் உண்மை. இருவரும் திருத்திக்கொண்டார்கள்.

விடை ஒன்றுதான் வந்தது. ஆறின காற்றோடு தூலோன்வரை வர முடியாது. கொப்பரை பாதி வழியில் திரும்பச் சூடானால் முடியும். உருளையில் மிச்சமே இருக்காது என்று சொல்லலாம், ஆனால் முடியும்.

"பாதி வழியில வெந்நீர்" என்று பெருமூச்சு விட்டது கதவு. "இந்தக் குளிர்ல, நடுக்கரையில, வாளி வாளியா கொதிக்கற தண்ணிய யாரு வெச்சிருக்கா மதாம்? விடுங்க. நல்லா முயற்சி பண்ணீங்க."

மதாம் பிலார் இடுக்கியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். "என் படுக்கை விரிப்பெல்லாம் யார்கிட்ட மாட்டியிருக்குனு நினைக்கறீங்க? தீவுப் பக்கம் நானோனோட சலவைப் படகு பனியில இறுகிப்போய் நிக்குது. அலச முடியல. அடுப்பையும் அண்டாவையும் வெச்சுகிட்டு அவளுங்க பத்துப்பேர் சும்மா உட்கார்ந்து ஊர்வம்பு பேசறாளுங்க. என்னைப் பத்தியும் பேசுவாளுங்க."

லியோகாதி தடியை ஊன்றிப் படியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"மதாம் பிலார்" என்றது உள்ளேயிருந்த குரல், "நான் பொன்னுக்குவீங்கிக்காரனா இல்லாம இருந்தா உங்களைக் கட்டிப் பிடிச்சிருப்பேன்."

"வேணாம், வேணாம். வாடகைய நேரத்துக்குக் குடுங்க, போதும்."

லியோகாதி நேராகச் சலவைப் படகுக்குப் போனாள். பலகைமேல் தடியை ஊன்றி அவள் வருவதைப் பார்த்து, அண்டாவைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நானோன் அந்தப் படகின் சொந்தக்காரி. அவள் கைகள் ஓட்டுநர் ரொகாசியனின் கைகளைவிடப் பெரியவை.

"வெந்நீரா? டிராமுக்கா? அது என்னடி, வண்டி குளிக்கப் போகுதா?"

லியோகாதி காரணத்தைச் சொன்னாள். அரிசி ஆலைப் பெண்கள் நடப்பதையும் சொன்னாள். "நிலக்கரி டிப்போவுலேருந்து ரொகாசியன் கொண்டுவந்து போடுவான். உங்களுக்குத்தான் கஷ்டம். ஐஸை உடைச்சுத் தண்ணி எடுக்கணும், கரைக்குத் தூக்கணும்."

"கஷ்டமா?" என்றாள் நானோன். மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு வாரமா ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியம் பிடிக்குது. எழுந்திருங்கடி. கடப்பாறை எங்க?"

சோதனை ஓட்டம் மறுநாள். தொமெலின் கோணல்மாணலாக எழுதிய சீட்டை மதாம் பிலார் அடுப்பு வெக்கையில் வாட்டியெடுத்து அனுப்பியிருந்தாள். அதை வாங்கிப் பார்த்த டைரக்டர், தானே வண்டியில் ஏறிக்கொண்டார். லியோகாதி சிலிண்டர் பக்கம் கருவியோடு உட்கார்ந்தாள். துறைமுகத்திலிருந்து அரிசி ஆலைப் பெண்கள் வண்டி நிறைய ஏறினார்கள். எடை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒருத்தியையும் அவள் இறங்க விடவில்லை.

வண்டி கரையோரமாக முனகிக்கொண்டே வந்தது. வெளிக்குழாய் வெள்ளைவெள்ளையாகத் துப்பியது. "இழுக்குது. தயங்கித் தயங்கி இழுக்குது" என்றான் ரொகாசியன். தீவு வந்தது. படகிலிருந்து நிறுத்தம்வரை பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்கள் கைகளில் ஆவி பறக்கும் வாளிகள். ரொகாசியன் காற்றை நிறுத்தி, கொப்பரைக் குழாயைத் திறந்து, ஆறின தண்ணீரைத் தெருவில் விட்டான். வாளிகள் கைமாறி வந்தன. நானோன் வண்டிமேல் ஏறி நின்று தானே ஊற்றினாள். "குடி மகராசா, குடி" என்றாள் கொப்பரையைப் பார்த்து. டைரக்டரின் கோட்டில் பாதி வாளி தெறித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. வாளி ஒன்றை வாங்கி அவரும் கைமாற்றினார்.

மூடியை இறுக்கி ரொகாசியன் கைப்பிடியைத் திருப்பினான். கொப்பரைக்குள் குமிழிகள் கடகடத்தன. வண்டி கிளம்பியது. லியோகாதி அட்டையை எடுத்துப் பார்த்தாள். கோடு சட்டென்று சரியவில்லை. மெதுவாக, தாராளமாக இறங்கியிருந்தது. படம் வயிறு நிறைந்திருந்தது. அதை அளக்கவே வேண்டியிருக்கவில்லை.

தூலோன் பக்கம் கடைசி மேட்டில் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் முள் அடியில் கிடந்தது. வண்டி டிப்போ வாசலைத் தாண்டி உள்ளே உருண்டு, காற்று தீர்ந்து, தானாகவே நின்றது.

"மதாம்" என்றான் ரொகாசியன், நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கணக்கு சரிதான். ஆனா ஒரு தும்மலுக்குக்கூட மிச்சம் வைக்கலியே நீ."

"உன் தொப்பை எடைய நான் கம்மியா போட்டுட்டேன்."

பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒருத்தி மட்டும் அவள் முன்னால் நின்றாள். முகத்தைப் பார்த்ததும் லியோகாதிக்குத் தெரிந்துவிட்டது, அன்றைக்கு முடிச்சுப் போட்டவள்.

"கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஆற்றின் அக்கரைக்குக் கேட்கிற அந்தக் குரல் லியோகாதிக்கு வரவே இல்லை. அவள் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அரிசித்தூள் படிந்து வெடித்திருந்த கைகள்.

உறைபனி இருந்த நாளெல்லாம் டிராம் துறைமுகம்வரை போயிற்று. போகும்போது டிப்போக்காரர்கள் சலவைப் படகுக்கு வெண்ணெய் தடவிய ரொட்டி அனுப்புவார்கள். திரும்பும்போது நானோன் கெட்டவார்த்தைகளோடு வெந்நீர் தருவாள்.

பிறகு ஒரு மத்தியானம் காற்று மாறியது. லுவாரின் பனி வெடித்து நகர ஆரம்பித்தது. வீட்டளவு பனிப்பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தன. ஃபெய்தோ தீவு நிறுத்தத்தில் அட்டைகள் வாங்க லியோகாதி ரொகாசியனின் வண்டிக்குள் ஏறிய அதே நேரத்தில், சலவைப் படகின் முன்சங்கிலி அறுந்தது. படகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆற்றுக்குள் போகப் பார்த்தது. உள்ளே நானோனும் மற்றவர்களும் இருந்தார்கள்.

"இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க! வண்டிய காலி பண்ணுங்க!" லியோகாதியின் குரல் அன்றைக்குத் திரும்ப வந்துவிட்டது. ஏன் எதற்கு என்று கேட்காமல் பயணிகள் இறங்கினார்கள். படகிலிருந்து நானோன் வீசிய வடத்தை, வண்டியிலிருந்து இறங்கிய துறைமுகக் கூலிகள் பிடித்தார்கள். ரொகாசியன் அதை வண்டியின் கொக்கியில் மாட்டினான். அப்போதுதான் தூலோனிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்த வண்டி அது. காற்றும் முழுசாக இருந்தது, கொப்பரையும் கொதித்தது.

இதற்குக் கணக்குப் போட யாருக்கும் நேரமில்லை. ரொகாசியன் கைப்பிடியை மெல்லத் திருப்பினான். வடம் விறைத்தது. சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கியது. கூலிகள் மணல் அள்ளிப் போட்டார்கள். வண்டி ஒரு அடி நகர்ந்தது. இன்னொரு அடி. படகு முனகிக்கொண்டே கரைப்பக்கம் முகத்தைத் திருப்பி, கல்சுவரில் இடித்து நின்றது. பெண்களை ஒவ்வொருவராகத் தூக்கிக் கரையேற்றினார்கள். கடைசியாக வந்த நானோன் ஒரு மூட்டையை மார்போடு அணைத்திருந்தாள்.

"அது என்ன, பணமா?" என்றான் ரொகாசியன்.

"மதாம் பிலாரோட படுக்கை விரிப்பு. இது ஆத்தோட போயிருந்தா நானும் கூடவே போயிடறதுதான் எனக்கு நல்லது."

சொல்லிவிட்டு நானோன் கரைக்கல்லின்மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். லியோகாதி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. எதற்கென்று அவள் யோசிக்கவில்லை.

வீக்கம் வற்றி வேலைக்குத் திரும்பிய தொமெலின் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அன்று அட்டை எடுக்கவில்லையா என்று ஏக்கத்தோடு கேட்டார். பிறகு தானே வெட்கப்பட்டுக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து அவர் லியோன் நகரத்துக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது, அந்த மேஜை லியோகாதியுடையது, அதை யாரும் எடுக்கக் கூடாது என்று டைரக்டரிடம் வாய்விட்டுச் சொன்னார். அவர் அத்தனை சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அடுத்தடுத்து வந்த இஞ்சினியர்கள் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

லியோகாதி தலை நரைக்கும்வரை அந்த மேஜையில் பட்டைகளை அளந்து கூட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானோனின் படகுக்குப் போவாள். ரொகாசியனும் வருவான். அரிசி ஆலைப் பெண்ணும் பல நாள் வருவாள். ஒருமுறை அண்டாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது நானோன் கேட்டாள், "அந்தக் காலு போகாம இருந்திருந்தா என்னடி பண்ணியிருப்ப?"

"டிக்கெட் குடுத்துகிட்டு இருப்பேன்" என்றாள் லியோகாதி. "அதுவும் நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா உங்களையெல்லாம் ஏறி இறங்கற ஆளுங்கனு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்."

நானோன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ரொகாசியன் தன் மீசையை நீவிக்கொண்டு, சூப் ஆறுகிறது, சாப்பிட்டுவிட்டு அழலாமா என்று கேட்டான். லியோகாதி அகப்பையால் அவன் கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எல்லாருக்கும் முன்னால் அவனுக்கே ஊற்றினாள்.